எலுமிச்சை மேல் ஏறாத மஸ்டாங்

என்னிடம் இருக்கும் கார்கள் எல்லாம் அமெரிக்காவில் ஓடியவை. சரியாகச் சொன்னால், அங்கே ஓடிய கார்களின் சின்ன நகல்கள். மஸ்டாங், கமாரோ, சார்ஜர், சேலஞ்சர், பாராகுடா. ஒவ்வொன்றும் என் நடுவிரல் நீளம்தான் இருக்கும். உலோக உடம்பு, பிளாஸ்டிக் சக்கரம், கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்தால் கடுகளவு ஸ்டேரிங். ஒன்றின் விலை ஒரு பிரியாணிக்கும் குறைவு. இவற்றில் ஒன்றைக்கூட நான் நிஜத்தில் பார்த்ததில்லை. எங்கள் மலையூரான புதூர்நாட்டில் அதற்கு வாய்ப்பும் குறைவு.

இவற்றை மசில் கார் என்று சொல்வார்கள். அறுபதுகளில் அங்கே யாரோ சாதாரண குடும்பக் காருக்குள் பெரிய எஞ்சினைத் தூக்கி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நேர் ரோட்டில் பறந்திருக்கிறது. வளைவில் என்ன செய்யும் என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எங்கள் மலையில் நேர் ரோடு என்பது பஸ் நிற்கும் இடத்துக்கும் டீக்கடைக்கும் நடுவே இருப்பது மட்டும்தான். மற்றதெல்லாம் வளைவு. வளைவு வந்தால் எனக்கு வாந்தி வரும். முப்பது வயது தாண்டியும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கேட்டு உட்காருகிறவன் நான். நேராக மட்டும் ஓடுகிற கார்கள் மேல் எனக்கு ஏன் ஆசை வந்தது என்று கேட்டால், இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

வேலை திருப்பத்தூரில், பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், கவுண்டர் ஆள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஃபேன்சி ஸ்டோர் இருக்கிறது. வளையல், ரிப்பன், ஸ்கூல் பை எல்லாம் தாண்டிப் போனால் கடைசிச் சுவரில் கம்பிக் கொக்கிகள், அதில் அட்டையோடு தொங்கும் கார்கள். புது பெட்டி வந்தால் அதில் பாதிக்கு மேல் விளங்காதவை. சுறாமீன் மூஞ்சி வைத்த கார், முதுகில் டைனோசர் உட்கார்ந்த கார், மண்டை ஓட்டுக்குச் சக்கரம் வைத்தது. இவற்றை வடிவமைத்தவர்களுக்கும் சம்பளம் உண்டு என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். இவற்றுக்கு நடுவே ஒன்றோ இரண்டோ மசில் கார் இருக்கும். அதை முதலில் பார்க்கிறவனுக்குத்தான் அது.

பெரும்பாலும் அந்த முதல் ஆள் நானில்லை. வேலூரிலிருந்து பைக்கில் இரண்டு பேர் வருவார்கள். கடைசிக் கொக்கிவரை தள்ளிப் பார்த்து, நல்லதை எல்லாம் அள்ளிக்கொண்டு போவார்கள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுப் போகலாமே என்று அவர்களுக்குத் தோன்றியதே இல்லை. தோன்றியிருந்தால் நானும் அவர்களை மனிதர்களாக மதித்திருப்பேன்.

வீட்டில் என் கார்கள் இரண்டு ஜாதி. அட்டை மடங்கியவற்றைப் பிரித்து அலமாரியில் நிறுத்துவேன். அட்டை மடங்காமல் கிடைத்த நல்லவற்றைப் பிரிக்கவே மாட்டேன். அப்படியே சுவரில் ஆணி அடித்து மாட்டிவிடுவேன். பிரிக்காத கார்தான் கார். கண்ணாடி போன்ற அந்த பிளாஸ்டிக்குக்குள் அது இன்னும் யார் கையும் படாமல் இருக்கிறது என்பதில் ஒரு நிம்மதி உண்டு. இது சேர்க்கிறவர்களுக்குப் புரியும். மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முயன்று, பொண்ணு பார்க்கப் போன ஒரு வீட்டில் காபியோடு எழுந்து வர நேர்ந்தது.

ஒரு வருடம் ஆயுத பூசை அன்று நான் கடைப் பூசைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், அலமாரியில் இருந்த எல்லாக் கார்களுக்கும் அம்மா சந்தனம் குழைத்து வைத்து, மேலே குங்குமம் இட்டிருந்தார். பானெட்டில், டிக்கியில், சிலவற்றின் கூரையில்கூட. சந்தனம் கதவு இடுக்குகளில் இறங்கிக் காய்ந்திருந்தது. நான் அன்று சாப்பிடவில்லை.

"வண்டின்னா பொட்டு வெக்கணும். வெக்காம வுட்டா நாளைக்கு யாரு பதில் சொல்றது" என்றார் அம்மா.

"சொவத்துல கீறத மட்டும் ஏன் வுட்ட?"

"அதெல்லாம் இன்னும் ஷோரூம்லயே கீது. வூட்டுக்கு வரட்டும், வெக்கறேன்."

இப்படி ஒரு சட்டம் எங்கள் வீட்டில் உருவானது. அட்டையைப் பிரிக்காதவரை அது ஷோரூம் வண்டி. பிரித்தால் புது வண்டி. பூசை போட்டால் வீட்டு வண்டி. அப்போது எனக்கு இது சிரிப்பாக இருந்தது.

அப்பா ஜீப் ஓட்டுபவர். மேலே வரும் பஸ்கள் குறைவு என்பதால் மலையில் பாதிப் பேர் ஜீப்பில்தான் ஏறி இறங்குவார்கள். சாமை மூட்டை, புளி மூட்டை, பலாப்பழம், பிரசவத்துக்குப் போகும் பெண், அவளோடு போகும் நாலு பேர் எல்லாம் ஒரே டிரிப்பில் போகும். என் கார்களைப் பற்றி அப்பாவின் கருத்து சுருக்கமானது. "அடி இடிக்கும்" என்பார். எங்கள் ரோட்டில் முதல் வளைவுக்கு முன்னாலேயே இவை அடிவயிறு கிழிந்து நின்றுவிடும் என்று அர்த்தம். அது உண்மைதான் என்பதால் நான் பதில் சொன்னதில்லை.

அப்பாவுக்கு இன்னொரு பெருமை உண்டு. எங்கள் பக்கம் புது வண்டி வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டுதான் வண்டி கிளம்பும். மலையில் யார் வண்டி எடுத்தாலும், பைக்கோ டிராக்டரோ, அந்த எலுமிச்சையை அப்பா கையால் வைக்கச் சொல்வார்கள். அவருக்குக் கைராசி என்று பேச்சு. அவர் எலுமிச்சை வைத்த வண்டி பள்ளத்தில் விழாது. ஒரே ஒரு டிராக்டர் விழுந்தது. அன்றைக்கு அதன் ஓனர் நேரமாகிறது என்று அவசரப்படுத்தினார், அதனால்தான் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

போன புளி சீசனில், ஜீப்பில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அவருடைய ஜீப்பிலேயே வேறு ஒருவர் ஓட்ட, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வளைவுகளில் நான் வாந்தி எடுத்தேன். அப்பா பின்சீட்டில் படுத்தபடி, வாய் கோணியிருந்த நிலையிலும், கியரை மாற்றச் சொல்லி ஏதோ திட்டிக்கொண்டே வந்தார். உயிர் பிழைத்தார். பேச்சு திரும்பியது. கால் கொஞ்சம் இழுத்தாலும் நடந்தார். வலது கை மட்டும் வரவில்லை.

பிசியோதெரபி பார்க்கும் பெண் ஒரு மஞ்சள் பஞ்சுப் பந்தைக் கொடுத்து, வலது கையால் அழுத்தச் சொன்னார். புளியங்கொட்டைகளைத் தட்டில் பரப்பி ஒவ்வொன்றாகப் பொறுக்கச் சொன்னார். "கை திரும்புமா?" என்று அப்பா கேட்டார். "திரும்பலாம் ஐயா. ஆனா இப்ப வேலை குடுக்கலன்னா திரும்பாது" என்றார் அந்தப் பெண். அப்பாவுக்கு முதல் வார்த்தை மட்டும் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் இடது கையால் பந்தை ஜன்னல் வழியே எறிந்தார். தெரு நாய் ஒன்று கொஞ்ச நாள் அதை வைத்துப் பயிற்சி செய்தது. புளியங்கொட்டையைக் காட்டியபோது, "நான் இன்னா பல்லாங்குழி ஆடற பொம்பளையா" என்று கேட்டுவிட்டார்.

பலா மரத்தடியில் ஜீப் நின்றது. அப்பா கட்டிலை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு, திண்டில் சாய்ந்துகொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். கை வந்தால் ஓட்டலாம் என்பதைத் தவிர அவர் வேறு எதையும் யோசித்ததாகத் தெரியவில்லை. கை வருவதற்கு எதையும் செய்யவும் இல்லை. எனக்குக் கோபம் கோபமாக வரும். பயமாகவும் இருந்தது. ஜீப் ஓட்டாத அப்பாவை நான் பார்த்ததே இல்லை, எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில் ஒரு நீல மஸ்டாங் கிடைத்தது. அட்டை ஒரு பக்கம் மடங்கியிருந்ததால் வீட்டில் உட்கார்ந்து பிரித்தேன். அம்மா எட்டிப் பார்த்தார்.

"புது வண்டியா? பூசை போட்டியா?"

"பொம்மைம்மா அது."

அம்மா காதில் வாங்கவில்லை. தட்டில் குங்குமமும், கொல்லை மரத்துப் பிஞ்சு எலுமிச்சை ஒன்றும் வைத்துக்கொண்டு வந்து அப்பாவின் கட்டிலில் வைத்தார். வீட்டில் கைராசிக்காரர் இருக்கும்போது வேறு யார் வைப்பது. அப்பா மஸ்டாங்கைப் பார்த்தார். பிறகு குங்குமத்துக்கு இடது கையை நீட்டினார். அம்மா தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"எடது கையாலயா?"

அம்மா இதைத் திட்டம் போட்டுச் செய்தாரா, நிஜமாகவே பதறினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டதற்கு, "பூசைக்கு எடது கை நீட்டலாமாடா" என்று என்னையே கேட்டார். அப்பாவுக்கும் அதில் மறுபேச்சு இல்லை. இடது கையால் வலது கையைத் தூக்கித் தட்டில் வைத்தார். கட்டைவிரலைக் குங்குமத்தில் அழுத்தினார். பானெட்டில் வைக்கப் போன பொட்டு முன் கண்ணாடி முழுக்க அப்பியது. பிறகு காரை எலுமிச்சை மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்தினார். எலுமிச்சை உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. மறுபடி வைத்தோம். மறுபடி உருண்டது. மூன்றாம் முறை அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். அப்பாவின் நெற்றியில் வியர்வை வந்தது. எலுமிச்சைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஏறல" என்றார் அப்பா.

பந்தை எறிந்தவர், புளியங்கொட்டையைத் தொடாதவர், முதல் தடவையாக அந்தக் கைக்கு வேலை கொடுத்திருந்தார். நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மறுநாள் சாயங்காலம், நான் கேட்காமலே, "வேற வண்டி கீதா?" என்றார். அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினேன். அவர் கையில் வாங்கவில்லை. "இதுக்குத்தான் ஒங்கம்மா ஆயுத பூசைக்கே போட்டாச்சே. போட்ட வண்டிக்கு மறுக்கா புது வண்டிப் பூசை போடறது வழக்கம் இல்ல" என்றார். அம்மா ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து என் சுவரைப் பார்த்தார்கள்.

அப்படித்தான் என் ஷோரூம் காலியானது. சாயங்காலம் கடை விட்டு வந்து, முகம் கழுவி, சுவரிலிருந்து ஒன்றைக் கழற்றுவேன். அட்டையைக் காப்பாற்றலாம் என்று முதலில் பிளேடு வைத்து ஓரமாக அறுத்துப் பார்த்தேன். அப்பாவுக்குப் பொறுமை இல்லை. "நேரம் போவுது, கிழி" என்பார். கிழிப்பேன். வருடக்கணக்காகக் காத்திருந்து, வேலூர்க்காரர்களுக்கு முன்னால் ஓடிப்போய் எடுத்தவை அவை. ஒரு ஆரஞ்சு சேலஞ்சர், ஒரு ஊதா பாராகுடா. ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு வலித்தது. அப்பாவின் கைக்காகத்தானே என்று நினைத்துக்கொண்டால் வலி குறையும் என்று எதிர்பார்த்தேன். குறையவில்லை. இரண்டும் தனித்தனியாக வலித்தன.

கறுப்பு சார்ஜரை மட்டும் தர முடியாது என்று சொல்லிவிட்டேன். அது இனி கிடைக்காது. அன்று பூசை இல்லை, கை கட்டில் மேல் கிடந்தது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே கிடந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் நானே போய் சார்ஜரைக் கழற்றிக் கிழித்துக் கொடுத்தேன். அப்பா அதை இடது கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார்.

"ஸ்டேரிங் எடது பக்கம் கீது."

"அமெரிக்காவுல அப்படித்தாம்ப்பா."

"அப்ப ஸ்டேரிங்க எடது கைல புடிச்சுக்கலாம்." கண்ணை இடுக்கி இன்னும் உள்ளே பார்த்தார். "கியரு?"

"நெறைய வண்டில ஆட்டோமேட்டிக். கை போட வேணாம்."

அப்பா காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடி இடிக்கும் என்று அன்று சொல்லவில்லை. நான் சேர்த்த கார்களில் ஒன்றை அவர் மதித்துப் பார்த்தது அன்றுதான். அதற்குப் பிறகு வழக்கம்போல எலுமிச்சை மேல் வைத்து அழுத்தினார். எலுமிச்சையில் ஒரு பள்ளம் விழுந்தது. உடையவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, "பந்து அழுத்தறாரா?" என்று பிசியோ பெண் கேட்டார். "எலுமிச்சங்கா நசுக்கறாருங்க" என்றார் அம்மா. அந்தப் பெண் அப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்து, நல்ல முன்னேற்றம், அதையே செய்யுங்கள் என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பிடிக்கிற பலம்தான் முதலில் வரும், விரல் விரிக்கிறது அதற்கப்புறம்தான், சிலருக்கு முழுசாக வராமலும் போகும் என்றார். அதை நான் வீட்டில் சொல்லவில்லை. பிடிக்கிற பலம் வந்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

சுவரில் ஆணிகள் மட்டும் மிச்சமாகின. ஃபேன்சி ஸ்டோரில் சுறாமீன்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் வாங்கிப் போனேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "இது இன்னாடா" என்றார். கார் என்றேன். "இதுக்குப் பூசை போட்டா சாமி நம்மளப் பத்தி இன்னா நெனைக்கும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்த ஒரு விஷயத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே ரசனை என்று தெரிந்ததில் எனக்குச் சந்தோஷம்.

புது பெட்டி வந்த அன்று நான் போவதற்குள் வேலூர்க்காரர்கள் வந்துவிட்டார்கள். ஒருவன் கையில் மஞ்சள் கமாரோ இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர்களிடம் பேசினேன். அதை எனக்குத் தர முடியுமா, அப்பாவுக்கு வேண்டும் என்றேன்.

"உங்க அப்பாவும் சேக்கறாருங்களா?"

"இல்லைங்க. பூசை போடறாரு."

விஷயத்தை முழுவதும் சொன்னேன். சொல்லும்போது எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. அவன் சிரிக்கவில்லை. கமாரோவைத் திருப்பிப் பார்த்து, "இது அடித்தட்டும் மெட்டலுங்க, நல்லா வெயிட்டா இருக்கும்" என்று என் கையில் கொடுத்தான். அன்றிலிருந்து அவனை மட்டும் மனிதர்கள் கணக்கில் சேர்த்திருக்கிறேன்.

அந்தக் கமாரோதான் ஏறியது. அப்பா தோளையும் சேர்த்துக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். எலுமிச்சை பட்டென்று பிளந்து, சாறு அம்மாவின் கண்ணில் தெறித்தது. அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சாறுதான் என்றார். சாறு ஒரு கண்ணில்தான் பட்டிருந்தது. எனக்கும் அழுகை வந்தது. கை வந்துவிட்டது, அப்பா ஓட்டுவார் என்று நினைத்தேன். காலி ஆணிகள் எல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்குச் சரியாகப் போயிற்று என்று நினைத்தேன்.

அப்பா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் கமாரோவைச் சுற்றி மூடியிருந்தன. திறக்கச் சொல்லித் திறக்கவில்லை. நான் போய் ஒவ்வொரு விரலாகப் பிரித்துக் காரை எடுத்தேன். நான்காவது விரலும் பிரிவதை அப்பா பார்த்தார். பிறகு, "ஜீப்ப வித்துடலாம்" என்றார்.

"இன்னாப்பா, இப்பதான் கை வந்துது."

"புடிக்கறதுக்கு வந்துது. கொண்டை ஊசி வளைவுல ஸ்டேரிங்க ஒடிச்சா மட்டும் போதுமா? ஒடிச்சதும் வுடணும். கைக்குள்ளாறயே அது திரும்பி ஓடி வரணும். வுடலன்னா நேரா பள்ளம்தான். பின்னாடி அத்தினி பேரு நம்பிக் குந்தியிருப்பாங்க."

இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம், அடுத்த பெட்டி வரும் என்றேன். அப்பா தலையை ஆட்டினார், சம்மதம் என்று அல்ல. அம்மா நசுங்கிய எலுமிச்சையைத் தட்டில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மலைக்கு அந்தப் பக்கம் கீழே இருக்கும் படவேட்டிலிருந்து ஒருவர் வந்து ஜீப்பைப் பார்த்தார். கோயிலுக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்கவும், கரும்பு வெட்ட ஆள் கொண்டுபோகவும் வேண்டுமாம். ஓட்டிப் பார்த்தார், பிடித்திருந்தது. அப்பா அதன் எஞ்சினைப் பற்றி, குளிர் நாளில் சோக்கை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதைப் பற்றி, சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னார். குரலில் ஒன்றும் தெரியவில்லை. நான்தான் பலா மரத்துக்குப் பின்னால் போய் நின்றுவிட்டு வந்தேன்.

சாவியை எடுத்துவந்து அம்மா அப்பாவின் இடது கையில் கொடுத்தார். அப்பா அதை வலது கைக்கு மாற்றிக்கொண்டார். இடது கையால் சாவி கொடுப்பது மரியாதை இல்லை. படவேட்டுக்காரர் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி நின்றார். அப்பா வலது கையை அவர் கைக்கு மேலே கொண்டுபோனார். விரல்கள் சாவியின் மேல் மூடியிருந்தன. திறக்கவில்லை.

படவேட்டுக்காரர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மனசு இல்லன்னா வேணாங்க பெரியவரே. நான் ஒண்ணும் தப்பா நெனைச்சுக்க மாட்டேன்" என்று கையைக் கீழே இறக்கப் போனார்.

விரல்களைப் பிரித்துவிட நான் முன்னால் போனேன். அப்பா என்னைப் பார்க்காமலே இடது கையால் தடுத்தார்.

"யாரும் தொடாதீங்க. கைய எடுக்காதீங்க, நீங்க அப்படியே புடிங்க" என்றார் அவரிடம். "கொஞ்சம் நேரம் ஆவும். அதுவா வுடும்."

படவேட்டுக்காரர் மறுபடி கையை ஏந்திக்கொண்டார். நாங்கள் எல்லோரும் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.